நாற்காலியா? கரும்பலகையா?

நடுவர் அவர்களே! பல்கலைக்கழகத்தில் பதவி வந்தால் தலைமை தானே வரும்னு எதிரணித் தம்பி சொன்னார். அப்படின்னா நாற்காலிக் கடைக்காரர்தான் பெரிய தலைவர்! (சிரிப்பு)

பக்கத்துத் திருப்பத்தூரில் 1935இல் பள்ளித் தமிழாசிரியர் மு.வ.; 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அத்திப்பள்ளியைத் தாண்டுங்க. மைசூரில் 1929இல் கன்னட விரிவுரையாளர் குவெம்பு. 1956இல் அங்கேயே துணைவேந்தர். கன்னடத்திலேயே கல்லூரிப் பாடம் படிக்க வழி திறந்தார். இத்தனை வருஷம் மாணவன் முகத்தைப் பார்த்தவருக்குத்தானே தெரியும், எந்த மொழி அவனுக்கு எட்டும்னு!

இந்த ஓசூரில், சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு, வீட்டில் தெலுங்கு பேசி, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதுகிற பிள்ளை கடைசி பெஞ்சில் இருக்கிறான். 'உனக்கு எதுப்பா புரியலை?' என்று கேட்கிறவரே கற்பித்தலில் தலைவர். நாற்காலி பின்னாடி வரும். வராவிட்டாலும் அவர் தலைவர்தான்! (கைதட்டல்)