தணலிற் சமைத்த பொதி

பாசறைக்குச் செல்லும் சாரணன் முதுகிற் சுமக்கும் பொருள்களுள் மிகுந்த தொல்லை தருவது சட்டி. கரி பிடித்த அதன் அடியைத் தேய்த்துக் கழுவுவது சமைப்பதினும் பெரிய வேலை. ஐக்கிய அமெரிக்கச் சாரணர் இத்தொல்லையை ஒரு தாளினால் தீர்த்துக்கொண்டனர். 1947 ஆம் ஆண்டில் றெனோல்ட்ஸ் நிறுவனம் அந்நாட்டில் வீட்டுச் சமையலுக்கென விற்பனைக்குக் கொண்டுவந்த மெல்லிய அலுமினியத் தாள் அடுப்பங்கரையோடு நின்றுவிடவில்லை. பாசறைக்கும் வந்து சேர்ந்தது.

தாளை விரித்து, கொத்திய மாட்டிறைச்சியைத் தட்டி வைத்து, உருளைக்கிழங்கு, கரட், வெங்காயம் என்பவற்றை அரிந்து பரப்பி, உப்பும் மிளகுந் தூவுவர். வாழையிலையிற் பொதிந்த லம்பிரைஸை அறிந்த நேயர்களுக்கு இது பெரும் புதுமையன்று. ஆயினும், இங்கே சூட்சுமம் மடிப்பிலேதான் இருக்கிறது. ஓரங்களைச் சேர்த்து இரண்டு மூன்று முறை மடித்து இறுக்கவேண்டும். காய்கறியிலும் இறைச்சியிலும் உள்ள நீரே ஆவியாகி உணவை வேகச்செய்கிறது. ஆவி வெளியேறினால் எஞ்சுவது கரியே.

தாளின் பளபளக்கும் பக்கம் உள்ளே இருக்கவேண்டுமா, வெளியே இருக்கவேண்டுமா என்று வழக்காடுவோர் உளர். எப்படியிருப்பினும் சமையலில் வேறுபாடில்லை. ஆலையில் இரு தாள்களை ஒன்றாக உருளைகளிடையே செலுத்தும்போது, ஒன்றையொன்று தொடும் பக்கங்கள் மங்கிவிடுகின்றன, அவ்வளவே.

பசித்த சிறுவன் தீ கொழுந்துவிட்டதும் பொதியை அதனுள் எறிந்துவிடுவான். வெளிப்புறம் கருகும், நடுவே கிழங்கு கல்லாயிருக்கும். கிழங்கு வேகாவிடிற் பசிதான் மிஞ்சும்; கோழியிறைச்சி வேகாவிட்டாலோ நோய் வரும். அதன் நடுப்பகுதி 74 பாகை செல்சியசு வெப்பத்தை எட்டவேண்டும். எனவே, தீ அடங்கித் தணலாகும்வரை காத்திருந்து, கிழங்கையும் இறைச்சியையும் மெல்லிதாக அரிந்து, பொதியை இடையிடையே புரட்டுவதே முறை. திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளல் வேண்டும். உள்ளே அடைபட்ட ஆவி சுட்டுவிடும்.

வாழையிலை எரிந்தால் சாம்பலாகும். இத்தாளோ விறகுத் தீயில் எரிந்தொழிவதில்லை. உணவின் மணம் பற்றிய துண்டுகளைக் காட்டு விலங்குகள் விழுங்கிவிடவுங் கூடும். ஆகையால், நல்ல பாசறைகளில், புறப்படும் நாட்காலையில் சிறுவர் ஆறிய சாம்பலைத் தடியாற் கிளறி, அகப்பட்ட துண்டுகளையெல்லாம் பொறுக்கித் தம் பைகளில் இட்டுக்கொண்ட பின்னரே கூடாரக் கயிற்றை அவிழ்க்கின்றனர்.