மலைச்சாலையில் கியர்ப்பெட்டியின் குரல்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் சாலையில் இடைவழியில் அமைந்த ஊர் புசல்லாவை. பேராதனையிலிருந்து புறப்படும் ஏ-5 பெருஞ்சாலை இவ்வூரைக் கடந்து, இறம்பொடை வழியாகச் சென்று, கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடைகிறது. தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறும் இவ்வழியில், சமதரையிற் செல்பவரைப்போல் நான்காவது கியரிலேயே செல்லச் சாரதியால் இயலாது. இரண்டு, மூன்று, மீண்டும் இரண்டு என்று கைக்கு ஓய்வே இல்லை. ஆதலால், கீழ்நாட்டில் மாதக்கணக்கில் மறைந்துகிடக்கும் கியர்ப்பெட்டியின் குறை, இங்கே சில நாட்களிலேயே வாய்திறந்து பேசிவிடும்.

பேசுவதற்குப் பழைய வண்டிகளும் நம் நாட்டில் ஏராளம். 1960களில் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடும், பின்னர் 2020 முதல் 2025 வரை தனியார் கார்களுக்கு இருந்த தடையும், உள்ள வண்டியைப் பேணிக்கொள்ளும் பழக்கத்தை இலங்கையருக்குக் கற்பித்தன. இங்கிலாந்தில் 1948 இல் வெளிவந்து, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன மொரிஸ் மைனர் இன்னும் இங்கே ஓடுகிறது. அதனையே உதாரணமாகக் கொள்வோம். தானே கியர் மாறும் புதிய வண்டிகளுக்கு இங்கே கூறும் சோதனைகள் பொருந்தா.

முதலில், நோயல்லாத ஓசையை அறிந்துகொள்ளல் வேண்டும். மைனரின் முதற்கியரிலும் பின்செல்லும் கியரிலும் சக்கரப் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. மற்றைய கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. சாய்ந்த பற்கள் மெல்ல மெல்லத் தழுவிக்கொள்கின்றன; நேர்ப்பற்களோ முழு அகலத்தோடும் ஒரேயடியாக மோதுகின்றன. ஆகவே முதற்கியரில் எழும் முனகல் அவ்வண்டியின் பிறவிக்குணம். அதனை மாற்றித் தருவதாகக் கூறுபவரிடம் பணப்பையைத் திறக்கவேண்டாம். மேலும், இவ்வண்டியின் முதற்கியருக்கு வேகத்தை இணக்கும் வளையம் இல்லை. வண்டி உருளும்போதே முதற்கியரைத் திணித்தால் பற்கள் அலறும்; குற்றம் பெட்டியினுடையதன்று.

இனிச் சோதனைக்கு வருவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, நியூற்றலில் எஞ்சினை ஓடவிடுக. கிளச்சிலிருந்து கால் எடுக்கப்பட்டிருக்கும்போது கரகரப்புக் கேட்டு, கிளச்சை மிதித்ததும் அது அடங்குமாயின், உள்வரும் தண்டின் பேரிங்கோ பக்கத்தண்டின் பேரிங்கோ தேய்ந்துள்ளது. ஏனெனில், மிதித்தவுடன் எஞ்சினின் தொடர்பு அறுந்து இவ்விரு தண்டுகளும் நின்றுவிடுகின்றன. மாறாக, மிதிக்கும்போதுதான் ஓசை பிறக்குமாயின், கிளச்சை விடுவிக்கும் பேரிங்கே காரணம். மைனரில் இது ஒரு கரிவளையம். ஓடும்போது கிளச்சின்மேல் காலை வைத்தே பழகிய சாரதிகள் இதனை விரைவில் தேய்த்துவிடுகிறார்கள்.

அடுத்து வண்டியை ஓட்டிக் கேட்கவேண்டும். முதல் மூன்று கியர்களிலும் உறுமி, நான்காவதில் அமைதியாகும் வண்டிக்குப் பக்கத்தண்டில்தான் குறை. நான்காவது கியரில் விசை நேரே பின்சென்றுவிடுவதால், பக்கத்தண்டு சுமையின்றி வெறுமனே சுழல்கிறது. ஒரு கியரில் மட்டும் ஓசையென்றால் அக்கியரின் சக்கரங்களைப் பார்க்க. எக்கியரிலும் மாறாது, அக்சிலேற்றரை அழுத்தும்போது ஒரு குரலும் விடும்போது வேறு குரலுமாக ஊளையிட்டால், பின் அச்சிலுள்ள டிபரன்ஷியலே பேசுகிறது. புறப்படும் கணத்தில் மட்டும் ‘டக்’ என்று அடித்தால், நீள்தண்டின் மூட்டுக்களை அசைத்துப் பார்க்கவேண்டும். இவ்விரண்டையும் பாராமல் குற்றமற்ற கியர்ப்பெட்டியை இறக்கி, கூலியையும் கொடுத்து, அதே ஓசையுடன் வீடு திரும்பியோர் பலர்.

பெட்டியை இறக்குமுன் எண்ணெயைப் பார்ப்பது செலவில்லாத வேலை. மைனர் 1000 வண்டியின் கியர்ப்பெட்டிக்கு எஞ்சின் எண்ணெயே உரியது. தடித்த கியர் எண்ணெய் பின் அச்சுக்கு. இரண்டும் ஒன்றென்று நினைத்துப் பெட்டியில் தடித்த எண்ணெயை ஊற்றினால், மலையகத்துக் குளிர்காலையில் கியர் மாற மறுக்கும். அவ்வெண்ணெயிற் சிலவகைகளில் உள்ள கந்தகக் கூட்டுப்பொருள் பித்தளை வளையங்களையும் அரிக்கும். வடித்த எண்ணெயில் மஞ்சள் நிற நுண்தூள் சிறிது இருத்தல் இயல்பு. உருக்குச் சில்லுகள் கிடந்தால் திறந்தே ஆகவேண்டும். பழைய வண்டி வாங்குவோர் இதனைக் கட்டாயம் பார்க்கவேண்டும். மரத்தூளிட்டு ஓசையை அடக்கி விற்கும் தந்திரம் உலகெங்கும் உண்டு.

ஓசையே இல்லாத, ஆனால் யாவற்றினும் கொடிய குறை ஒன்றுண்டு. இறம்பொடையிலிருந்து இறங்கும் சாரதி மூன்றாவது கியரில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கிறார். நெம்புகோல் தானாகவே துள்ளி நியூற்றலுக்கு வந்துவிடுகிறது. எஞ்சின் இதுவரை வண்டியைப் பிடித்திழுத்த பிடி அறுந்து, முழுப் பாரமும் பிறேக்கின்மேல் விழுகிறது. தொடர்ந்து மிதித்துச் சூடேறிய பிறேக் வலுவிழக்கும். 2025 மே 11 ஆந் திகதி, இதே மலைத்தொடர்ச் சாலையில் கொத்மலை கரண்டிஎல்லப் பகுதியில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் காரணத்தை ஆராய்வது இப்பேச்சின் நோக்கமன்று. பிடி தவறிய வண்டிக்கு இச்சாலையின் விளிம்பு எவ்வளவு அருகில் உள்ளது என்பது தெரிந்தாற் போதும்.

துள்ளும் நெம்புகோலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டுவோர் உளர். அதனால் உள்ளேயுள்ள கவை மேலும் தேய்கிறது. தளர்ந்த வில்லும் அதன் குண்டும், தேய்ந்த கவை, முனை மழுங்கிய பற்கள் ஆகியவற்றை மாற்றுவதே வழி. அதுவரை வண்டி மலையிறங்கலாகாது.

பெட்டியைத் திறந்தபின் சிக்கனம் பார்க்கும் இடம் பக்கத்தண்டு. அதன் ஊசிப் பேரிங்குகள் தண்டின் மேனியிலேயே உருள்வன. தண்டில் குழிவிழுந்திருக்க, பேரிங்கை மட்டும் புதிதாக இட்டால் பழைய உறுமல் விரைவில் திரும்பிவிடும். இரண்டையும் ஒருங்கே மாற்றி, உரிய எண்ணெயை உரிய அளவுக்கு ஊற்றி, மீண்டும் புசல்லாவை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் மூன்றும் அடங்கிப் போகும். முதற்கியர் மட்டும் முன்போலவே முனகும்.