கடையை விடுங்கள், கரையை விடாதீர்கள்!

பட்டிமன்றத் தலைப்பு: சிறு படகுத் துறைகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவது நன்மையே! தீமையே!
('தீமையே' என்ற அணியில் பேசியது)

    

இந்தத் தலைப்பைச் சொன்னதும் எங்க வீட்டம்மா சிரிச்சுட்டாங்க. "மதுரையில ஏதுங்க கடலு? வைகையில தண்ணி வந்தாலே பாலத்து மேல நின்னு வேடிக்கை பாக்குற ஊரு நம்ம ஊரு. நீங்க படகுத் துறையப் பத்திப் பேசப் போறீங்களாக்கும்!" (சிரிப்பு) நான் சொன்னேன்: "இந்தாம்மா, உன் குழம்புச் சட்டியில கொதிக்குதே சாளை மீனு, அது வைகையிலயா துள்ளுச்சு? ராமேஸ்வரத்துலயும் தூத்துக்குடியிலயும் கரையேறி, ஐஸ் பெட்டிக்குள்ள படுத்து, ராத்திரியோட ராத்திரியா லாரியில வந்துச்சு. அங்கே துறையில செலவு ஏறுச்சுன்னா இங்கே உன் சட்டியில ரெண்டு துண்டு குறையும்." உடனே, "அப்படியா? அப்ப நல்லா உறைக்கிற மாதிரி பேசிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. (கைதட்டல்)

ஐயா, எதிரணித் தலைவர் சொன்னதில் ஒரு பகுதியை நான் ஒத்துக்கிறேன். "துறைமுகத்துல விளக்கு எரியல, கழிவறையில கால் வைக்க முடியல, முகத்துவாரத்துல மணல் மூடிக்கிடக்கு, அரசாங்கத்துக்கிட்ட இருந்தா இப்படித்தான்"னாரு. பல இடத்துல அது உண்மைதான். உண்மையை மறைச்சுப் பேசினா அது பட்டிமன்றம் இல்ல, தேர்தல் கூட்டம். (சிரிப்பு) ஆனா ஒண்ணு கேக்குறேன். வீட்டு ஓடு ஒழுகுதுன்னா ஓடு மாத்துவீங்களா, இல்ல வீட்டையே குத்தகைக்கு விட்டுட்டுத் திண்ணையில போய் உக்காந்துக்குவீங்களா?

குத்தகைன்னா என்ன? மதுரைக்காரனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனா போதும். போர்டுல ஒரு ரேட்டு, கையில ஒரு ரேட்டு. "ஏம்ப்பா, போர்டுல அஞ்சு ரூபான்னு போட்டிருக்கே?"ன்னா, "அது போர்டு சார், நான் ஆளு"ங்குறான். (பலத்த சிரிப்பு) சரி, கோபம் வந்தா நாம வண்டியை அடுத்த தெருவுல நிறுத்திட்டு வரலாம். மீனவன் படகை எந்தத் தெருவுல நிறுத்துவான்? அவனுக்கு இருக்கிறது ஒரே துறை. வாடிக்கையாளனுக்கு வேற வழி இல்லாத இடத்துல ஒத்தை ஆள் கையில சாவியைக் கொடுத்தா, அதுக்குப் பேரு வியாபாரம் இல்லைங்க.

நான் பொறந்தது மதுரைக்குக் கிழக்கே ஒரு கண்மாய்க்கரை ஊரு. எங்க ஊர்ல கோடையில தண்ணி வத்தினதும் அழிகண்மாய் மீன்பிடி நடக்கும். பாத்தவங்களுக்குத் தெரியும். சுத்துப்பட்டு சனமெல்லாம் விடியறதுக்கு முன்னாலயே கரையில வந்து நிக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவாரு. அவ்வளவுதான்! ஊத்தா, கச்சா, கொசுவலை, பழைய சேலைன்னு கிடைச்சதைத் தூக்கிக்கிட்டு மொத்தச் சனமும் சேத்துக்குள்ள இறங்கும். விரால் ஒருத்தனுக்கு, கெளுத்தி ஒருத்தனுக்கு, ஒண்ணும் கிடைக்காதவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் கொடுத்த அயிரை. அன்னைக்கு ராத்திரி ஊர்ல எல்லா வீட்டுலயும் ஒரே வாசம். பணக்கார வீட்டு வாசம், ஏழை வீட்டு வாசம்னு பிரிச்சுச் சொல்ல முடியாது.

ஒரு வருஷம் கண்மாயை மீன்பாசிக் குத்தகைக்கு விட்டாங்க. வெளியூர்க்காரர் ஒருத்தர் ஏலம் எடுத்தாரு. கெட்ட மனுஷன் இல்லைங்க. வட்டிக்குக் கடன் வாங்கி ஏலத்துல கட்டியிருந்தாரு, பாவம். கரையில காவலுக்கு ஆள் போட்டாரு. நான் சின்னப் பையன். டவுசர் நனையத் துண்டை விரிச்சு ஒரு கைப்பிடி அயிரை பிடிச்சேன். காவல்காரர் வந்து துண்டை உதறித் தண்ணிக்குள்ள கொட்டிட்டாரு. அவரு யாரு தெரியுங்களா? போன வருஷம் எங்ககூட அதே சேத்துல உருண்டு மீன் பிடிச்ச எங்க ஊரு மாமா! சம்பளம் வாங்குறாரு, என்ன செய்வாரு? அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போனேன். எங்க அப்பத்தா கரைக்கு வந்துச்சு. சண்டை போடல. ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு: "ஏண்டா, மீனை ஏலம் எடுத்தீங்க, சரி. கரையையுமா எடுத்தீங்க?" (நீண்ட கைதட்டல்)

கதை அதோட முடியல. குத்தகைக் காலம் முடியறதுக்குள்ள மீனை அள்ளியாகணும். தண்ணி குறைஞ்சாத்தானே வலை எடுபடும்? ஒரு ராத்திரி மடையைத் திறந்து விட்டுட்டாங்க. விடிஞ்சு பாத்தா கண்மாய் பாதி காலி. கதிர் வர்ற நேரத்துல எங்க நெல்லுக்குத் தண்ணி இல்ல. எங்க ஐயா வயல் வரப்புல உக்காந்திருந்தது இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்குது. குத்தகைக்காரருக்கு மீன் கணக்கு. எங்களுக்கு உசுருக் கணக்கு. அவர் வாங்கினது மீனு. ஆனா அவர் கைக்குப் போனது மடை. துறையைக் குத்தகைக்கு விட்டாலும் இதே கதைதான் நடக்கும்.

எப்படின்னு சொல்றேன். நம்ம கிழக்குக் கடற்கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15-லயிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்னே 45 நாள், 2017-லயிருந்து 61 நாள். மீன் குஞ்சு பொரிச்சு வளரட்டும்னு வச்ச நல்ல சட்டம். அந்த 61 நாளும் விசைப்படகெல்லாம் துறையிலதான் கட்டிக் கிடக்கும். வருமானம்? ஒத்தை ரூபா கிடையாது. துறை குத்தகைக்காரர் கையில இருக்குன்னு வச்சுக்குங்க. அவரு கணக்குல அது தடைக்காலம் இல்லைங்க, வசூல் காலம்! படகு நின்னா நாள் வாடகை. அடுப்பு எரியாத வீட்டுக்காரன் படகு நிறுத்தினதுக்கு வாடகை கட்டணும். இது நியாயமா?

சரி, புயல் வருது. துறைமுகத்துல எச்சரிக்கைக் கூண்டு ஏத்திட்டாங்க. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி வந்ததே, கன்னியாகுமரிக் கரையில எத்தனை தாய்மார்கள் கடலைப் பாத்து நின்னாங்க! அப்படி ஒரு நேரத்துல பக்கத்து ஊர்ப் படகு ஒண்ணு எஞ்சினைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வருது. துறை அவனை எதுவும் கேக்காம உள்ளே விடணும். "ரசீது எங்கே?"ன்னு கேக்குற துறை, துறையே இல்ல. (கைதட்டல்)

எதிரணி அம்மையார் ஒரு கிடுக்கிப்பிடி போட்டாங்க. "பெரியாறே குத்தகைதானே ஐயா! குத்தகைத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டுக் குத்தகையைத் திட்டலாமா?"ன்னாங்க. ஆமாம்மா. 1886 அக்டோபர் 29-ல திருவிதாங்கூருக்கும் ஆங்கில அரசுக்கும் ஒப்பந்தம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபா, 999 வருஷம். 1895-ல பென்னிகுக் அணையை முடிச்சாரு. அந்தத் தண்ணியில விளைஞ்ச சோத்தைத் தின்னு வளர்ந்த உடம்புதான் இது. கும்பிடுறேன். ஆனா ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும். ஒண்ணு, அது அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த ஒப்பந்தம். நடுவுல லாபம் பாக்குற மூணாவது ஆள் கிடையாது. ரெண்டாவது, காகிதத்துல என்ன எழுதினாங்களோ அதுதான் மிஞ்சுச்சு. 1970-ல ஒப்பந்தத்தைத் திருத்தினாங்க. ஏக்கருக்கு 30 ரூபா ஆச்சு. அந்த ஏரியில மீன் பிடிக்கிற உரிமையை நாம விட்டுக் கொடுத்தோம். தண்ணி நமக்கு, மீன் அவங்களுக்கு! குத்தகைக் காகிதத்துல ஒரு வரி நூறு வருஷம் சோறு போடும். இன்னொரு வரி ஒரு உரிமையை எடுத்துட்டுப் போயிரும். எழுதற கை ஒருத்தன் கை. அனுபவிக்கிறது பேரன், கொள்ளுப்பேரன். 2006-லயும் 2014-லயும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ற அளவுக்கு அந்த அணை வழக்கு வளர்ந்துச்சே, மறந்துட்டீங்களா?

கடலையே குத்தகைக்கு விட்ட கதையும் இருக்கு. பாண்டிய நாட்டு முத்துன்னா உலகமே வாயைப் பிளந்துச்சு. கொற்கை முத்து யவன நாட்டுக்குப் போச்சு. அந்த மன்னார் வளைகுடாவுல, இலங்கைப் பக்கத்து முத்துப் படுகைகளை 1906-ல ஆங்கில அரசு ஒரு கம்பெனிக்கு 20 வருஷக் குத்தகைக்கு விட்டுச்சு. வருஷத்துக்கு 3,10,000 ரூபா. ஏன் அவ்வளவு கொடுத்தான்? அதுக்கு முந்தின வருஷம் முத்து கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு! 1907-க்கு அப்புறம் வருஷக்கணக்கா முத்துக்குளிப்பே இல்ல. சிப்பி வளரல. 20 வருஷம் முடியறதுக்குள்ள கம்பெனி கடையைக் கட்டிட்டுப் போயிருச்சு. கடல் குத்தகைப் பத்திரத்தைப் படிக்காதுங்க! (சிரிப்பு) கம்பெனிக்காரன் நட்டம்னு போயிட்டான். தலைமுறை தலைமுறையா முங்கி முங்கி எடுத்த குளியாளி எங்கே போவான்? அவனுக்குக் கரை அதுதானே!

அப்ப என்னதான் செய்யணும்னு நடுவர் ஐயா என்னைப் பாக்குறாரு. மணி மேலயும் கை வச்சுட்டாரு. (சிரிப்பு) சுருக்கமாச் சொல்லிடுறேன். துறையில ஐஸ் பேக்டரி வேணுமா? தனியாருக்கு விடுங்க. டீக்கடை, கேன்டீன், கழிவறைப் பராமரிப்பு, குளிர்பதனக் கிடங்கு, எஞ்சின் ரிப்பேர் கடை, எல்லாம் விடுங்க. ரெண்டு மூணு பேருக்கு விடுங்க, போட்டி இருக்கட்டும். ஆனா படகு அணையற சுவரு, மீன் ஏலம் போடுற கூடம், வலை காயப் போடுற மணல், உள்ளே வர்ற வாசல், இந்த நாலையும் விடாதீங்க. கடையை விடுங்க, கரையை விடாதீங்க! (கைதட்டல்)

"பணத்துக்கு எங்கே போறது?"ம்பீங்க. 2018-19-ல மத்திய அரசு மீன்வளக் கட்டமைப்புக்குன்னே 7,522 கோடி ரூபாயில ஒரு நிதியம் ஆரம்பிச்சது. அதுல தனியாரும் கடன் வாங்கலாம்னு வச்சாங்க. மாநில அரசும் வாங்கலாம்னாங்க. கூட்டுறவுச் சங்கமும் வாங்கலாம்னாங்க. அப்படிக் கொடுக்கிற கடனை ஏன் மீனவர் சங்கத்துக்குக் கொடுத்துத் துறையைப் பாத்துக்கச் சொல்லக் கூடாது? கணக்கை மாசா மாசம் துறை வாசல்ல எழுதி ஒட்டச் சொல்லுங்க. மீனவன் மனைவி வந்து படிச்சுப் பாக்கட்டும். அந்தம்மாவை விடக் கறாரான ஆடிட்டர் உலகத்துலயே கிடையாது. (சிரிப்பு, கைதட்டல்)

வள்ளுவப் பெருந்தகை, உலகம் விரும்பும் அறிவாளியின் செல்வத்துக்கு ஒரு உவமை தேடினாரு. கடலைச் சொல்லியிருக்கலாம், மலையைச் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது நீர் நிறைஞ்ச ஊருணி. ஏன்? ஊருணிக்குக் கதவு கிடையாது. குடம் கொண்டு வந்தவளுக்கும் தண்ணி, கையேந்தி வந்தவனுக்கும் தண்ணி. துறையும் அப்படித்தாங்க இருக்கணும். கதவு போட்ட அன்னைக்கே அது ஊருணி இல்ல, யாரோ ஒருத்தர் வீட்டுக் கிணறு.

மணி அடிச்சுட்டீங்க, முடிக்கிறேன். எங்க அப்பத்தா போய்ச் சேந்து பல வருஷம் ஆச்சு. எழுதப் படிக்கத் தெரியாது. நான் டாக்டர் பட்டம் வாங்கினேன். எத்தனையோ மேடையில கேள்வி கேட்டிருக்கேன். அந்தக் கரையில நின்னு அது கேட்ட கேள்வியைவிடப் பெரிய கேள்வியை நான் இன்னும் கேக்கல. அதையே இந்த மன்றத்துல நடுவர் ஐயாகிட்ட வச்சுட்டு உக்காருறேன்: மீனை எடுத்தீங்க, சரி. கரையையுமா எடுக்கணும்?

 (நீண்ட கைதட்டல்)