மதச்சார்பற்ற ஆட்சியும் முஸ்லிமின் கடமையும்

(பசுவந்தனையில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! இல்லத்திலிருந்து இவ்வுரையை வாசிக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் உபதேசம் செய்து கொள்கிறேன்.

'மதச்சார்பின்மை' என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மில் சிலருடைய உள்ளம் நெருடுகிறது. அரபுலகில் இதனை 'லாதீனிய்யா', அதாவது மார்க்கமின்மை, என்று சிலர் மொழிபெயர்த்தனர். அந்த மொழிபெயர்ப்பு நம் நாட்டிற்கும் வந்து சேர்ந்து, இது இறைமறுப்பின் மறுபெயர் என்ற எண்ணத்தை விதைத்துவிட்டது. ஆனால் நம் நாட்டு அரசமைப்புச் சட்டம் சொல்லும் பொருள் அதுவன்று. மனிதனுக்கு மார்க்கம் உண்டு; அரசாங்கத்திற்கென்று ஒரு மதம் இல்லை. அது கூறுவது இவ்வளவே. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டை விளங்கிக் கொள்ளாதவர், தமக்கு நிழல் தரும் மரத்தையே வெட்டத் துணிவார்.

அடங்கல் கேட்பது எதை?

நம் பகுதி கரிசல் பூமி. மானாவாரி விவசாயம். உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் வானத்தை நம்பியே விதைக்கப்படுகின்றன. மழை பொய்த்தாலும், அறுவடை நேரத்தில் அளவுக்கு மீறிப் பெய்தாலும், பயிர்க் காப்பீட்டிற்கும் நிவாரணத்திற்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று அடங்கல் பெறுகிறோம். அவர் சர்வே எண்ணைக் கேட்கிறார், பரப்பைக் கேட்கிறார், என்ன பயிர் என்று கேட்கிறார். நீர் தொழுபவரா, கோயிலுக்குச் செல்பவரா, கோயில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டி மாதா கோயிலுக்குச் செல்பவரா என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை. ஊரில் விரல்விட்டு எண்ணத்தக்க வீடுகளே உள்ள நமக்கும், நூற்றுக்கணக்கான வீடுகள் உள்ளவர்களுக்கும் அந்தப் படிவம் ஒன்றுதான். மதச்சார்பற்ற ஆட்சி என்பது மேடைப் பேச்சு அன்று, சகோதரர்களே! அது அந்தப் படிவத்தில் இல்லாத கட்டம். அந்தக் கட்டம் ஒருநாள் சேர்க்கப்படுமானால் முதலில் துன்புறுபவர் யார் என்பதை நீங்களே சிந்தித்துக் கொள்ளுங்கள்.

நஜ்ஜாஷியின் நாடு

நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டு, கி.பி. 615. மக்காவில் நம் முன்னோரான ஸஹாபாக்கள் சொல்லொணாக் கொடுமைக்கு உள்ளானபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை அபிசீனியாவிற்குச் செல்லுமாறு பணித்தார்கள். அந்நாட்டின் அரசர் அப்போது கிறிஸ்தவர். அவ்வாறிருந்தும் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த காரணம், அவரது ஆட்சியில் எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்பதே. அவர் எந்த மதத்தினர் என்பதை அன்று அளவுகோலாகக் கொள்ளவில்லை, நீதியே அளவுகோலாயிற்று.

குறைஷிகள் விலையுயர்ந்த அன்பளிப்புகளுடன் தூதர்களை அனுப்பி, அகதிகளைத் திருப்பி அனுப்புமாறு கோரினர். அரசர் இருதரப்பையும் விசாரித்தார். ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் சபையில் எழுந்து தம் மார்க்கத்தை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார்கள். மர்யம் அத்தியாயத்திலிருந்து ஓதிக் காட்டினார்கள். அரசர் அன்பளிப்புகளைத் திருப்பிக் கொடுத்தார், அகதிகளைக் கொடுக்கவில்லை. தம்மிடம் அடைக்கலம் புகுந்தோரின் மதத்தைப் பார்க்காமல் வழக்கைப் பார்த்த ஆட்சியாளர் அவர். அந்த நீதியின் நிழலில்தான் இஸ்லாமின் முதல் ஹிஜ்ரத் காப்பாற்றப்பட்டது.

பின்னர் மதீனாவில் ஆட்சிப் பொறுப்பு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தபோது, யூதர்களுக்கு அவர்களுடைய மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்களுடைய மார்க்கம் என்று சாசனத்தில் எழுதச் செய்தார்கள். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் கூடாது என்பது திருக்குர்ஆனின் (2:256) தெளிவான கட்டளை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைமை நம்மை நீதியினின்று பிறழச் செய்துவிடக் கூடாது என்றும் அல்லாஹ் (5:8) எச்சரிக்கிறான். மடாலயங்களையும் கிறிஸ்தவ ஆலயங்களையும் யூத ஆலயங்களையும் பள்ளிவாசல்களோடு சேர்த்துக் குறிப்பிட்டு, அவற்றின் பாதுகாப்பைப் பற்றி அவன் பேசுவதையும் (22:40) சிந்தியுங்கள்.

இறைவனின் பெயரும் வாக்கெடுப்பும்

நம் நாட்டின் வரலாற்றில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படாத ஒரு நிகழ்ச்சி உண்டு. 1949 அக்டோபர் 17ஆம் நாள், அரசமைப்புச் சட்டத்தின் முகவுரை விவாதத்திற்கு வந்தது. ஹெச்.வி. காமத் என்னும் உறுப்பினர், முகவுரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டு வந்தார். நம்பிக்கையுள்ள பலர் நிரம்பிய சபை அது. எனினும், நம்பிக்கை என்பது தனிமனிதனின் உள்ளத்தைச் சார்ந்தது, அதனை எல்லோர் மீதும் சுமத்துவது கட்டாயமாகிவிடும் என்று பட்டம் தாணுப் பிள்ளை போன்றோர் வாதிட்டனர். இறைவனை வாக்கெடுப்புக்கு உட்படுத்தும் தர்மசங்கடத்தைத் தர வேண்டாமென்று பூர்ணிமா பானர்ஜி வேண்டினார். காமத் விடவில்லை. ஆதரவாக 41 வாக்குகளும், எதிராக 68 வாக்குகளும் விழுந்தன. திருத்தம் தோற்றது.

இதைக் கேட்டு நாம் வருந்த வேண்டுமா? பிஸ்மில்லாஹ் சொல்லி ஒவ்வொரு செயலையும் தொடங்கும் சமுதாயம் நாம். ஆயினும் சிந்தியுங்கள்: இறைவனின் பெயரை வாக்கு எண்ணிக்கையால் ஏற்றி வைத்தால், எந்தப் பெயர், எவருடைய வணக்கமுறை என்பதையும் அடுத்த எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். அன்று அந்த 68 பேர் இறைவனை மறுக்கவில்லை. இறைவனை எண்ணிக்கைக்கு உட்படுத்த மறுத்தார்கள். அதே அரசமைப்புச் சட்டம், பதவியேற்பவர் கடவுளின் பெயரால் ஆணையிடவும், விரும்பாதவர் உளமார உறுதிமொழியவும் வழி வைத்திருக்கிறது. இருவரும் அமைச்சராகலாம்.

சட்டம் தந்த அரண்

25ஆம் பிரிவு, பொது அமைதி, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றிற்கு உட்பட்டு, மனச்சான்றின்படி ஒரு மார்க்கத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 26ஆம் பிரிவு, மார்க்க அலுவல்களை நாமே நடத்திக் கொள்ள இடமளிக்கிறது. ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று வரி செலுத்துமாறு எவரையும் வற்புறுத்த இயலாது என்கிறது 27ஆம் பிரிவு. முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்தில் மதபோதனை கூடாது என்கிறது 28ஆம் பிரிவு. 'மதச்சார்பற்ற' என்னும் சொல் 1976இல் 42ஆவது திருத்தத்தால்தான் முகவுரையில் சேர்ந்தது. பொருள் தொடக்கத்திலிருந்தே இருந்தது. 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, இது அரசமைப்பின் அடிப்படைக் கூறு என்று தீர்ப்பளித்தது. அச்சொல்லை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இந்த வாக்குறுதி மீறப்பட்டதே இல்லை என்று நான் கூறவில்லை. 1992 டிசம்பர் 6 நம் உள்ளத்தில் ஆறாத காயம். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம், அண்டை நாடுகள் மூன்றிலிருந்து வந்த ஆறு மதத்தாரை எடுத்துக் கொண்டு முஸ்லிம்களை விட்டது. இலங்கைத் தமிழ் அகதிகளுக்கும் அதில் இடமில்லை. மதத்தை அளவுகோலாக்கும்போது யார் யார் வெளியே நிற்க நேரும் என்பதற்கு அது சான்று. எனினும், வாக்குறுதி மீறப்பட்டால் அதை நிறைவேற்றுமாறு கேட்பதே அறிவுடைமை. வாக்குறுதியையே வெறுத்து ஒதுக்குவது அறிவுடைமை அன்று.

நமக்கும் அதே அளவுகோல்

அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோருக்குக் கேடு உண்டென்று எச்சரிக்கும் மார்க்கம் நம்முடையது. வாங்கும்போது ஒரு படி, கொடுக்கும்போது ஒரு படி வைத்திருக்கலாகாது. அரசு நம் பள்ளிவாசலுக்குள் தலையிடக் கூடாது என்கிறோம். 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம், வக்ஃபு வாரியங்களில் முஸ்லிமல்லாதோரை உறுப்பினராக்க வகை செய்தபோது வழக்குத் தொடுத்தோம். அவ்வாண்டு செப்டம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. மத்திய கவுன்சிலின் 22 பேரில் நால்வருக்கும், மாநில வாரியத்தின் 11 பேரில் மூவருக்கும் மேல் அவ்வாறு இருக்கக் கூடாதென்றும் வரம்பிட்டது. இந்த வழி முறையானது.

ஆனால் அரசின் பணம் நம் பக்கம் வரும்போது மட்டும் நாம் மௌனமாகி விடுகிறோமா? ஹஜ் மானியத்தை எண்ணிப் பாருங்கள். பத்தாண்டுகளுக்குள் அதனைப் படிப்படியாக நிறுத்துமாறு 2012இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வசதி உள்ளவர் மீதே ஹஜ் கடமை என்னும் இறைவசனத்தையே (3:97) அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. 2018இல் மானியம் நின்றது. ஹஜ் நின்றுவிட்டதா? இல்லை. கடமையில்லாதவருக்குக் கடன்பட்ட ஹஜ் வேண்டியதில்லை என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் முன்பே சொன்னதுதான்.

மிம்பர் வாக்குச்சாவடி அல்ல

தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் பள்ளிவாசல் வாசலுக்கு வருகிறார்கள். 'ஜமாஅத் சொன்னால் எல்லா ஓட்டும் விழும்' என்று நம்மில் சிலரே அவர்களிடம் சொல்கிறார்கள். தொழுகை முடிந்ததும் இரண்டு நிமிடம் பேச அனுமதி கேட்கிறார்கள். இதற்கு இடமளிக்கலாகாது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. 2017 ஜனவரி 2இல் ஏழு நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் மதத்தைச் சுட்டிக் கேட்பதும் அதில் அடங்கும் என்றது. வழிபாட்டுத் தலத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவோருக்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது.

சட்டத்தைவிட மேலான காரணமும் உண்டு. மிம்பரில் ஒரு கட்சியின் பெயர் உச்சரிக்கப்பட்டால், மற்றக் கட்சிக்கு வாக்களித்த சகோதரர் அடுத்த ஜும்ஆவுக்கு எந்த முகத்தோடு அந்த ஸஃப்பில் வந்து நிற்பார்? மேலும், நாம் மஹல்லாவாகத் திரண்டு வாக்களிப்போம் என்று முழங்கினால், ஊரில் பெரும்பான்மையோரும் அவ்வாறே திரள்வதை எந்த வாயால் கண்டிப்போம்? வாக்கு ஒரு சாட்சியம், ஓர் அமானிதம். அதனை நம் மார்க்க அறிவு தந்த நேர்மையோடு, அவரவர் தனித்துச் செலுத்தட்டும். ஜமாஅத் தலைவர்கள் இதனைத் தீர்மானமாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைப்பார்களாக.

அரசுப் பணியில் இருப்போருக்கு

ஆசிரியராகவும் காவலராகவும் வட்டாட்சியர் அலுவலக ஊழியராகவும் நம் பிள்ளைகள் செல்கிறார்கள். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கவும் மனிதர்களிடையே நீதியோடு தீர்ப்பளிக்கவும் அல்லாஹ் (4:58) கட்டளையிடுகிறான். மனிதர்களிடையே என்றுதான் அவன் கூறுகிறான். முஸ்லிம்களிடையே என்று சுருக்கவில்லை. வரிசையில் நிற்கும் நம் உறவினருக்கு முதலில் கையொப்பமிடுபவர், நஜ்ஜாஷியின் நீதியால் தாம் பெற்ற கடனை மறந்தவர். ஐவேளை தொழுபவர் மேசையில் கோப்பு தேங்காது என்று ஊர் பேச வேண்டும். அதுவே சிறந்த தஃவா.

தாய்மார்களே! பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்ற இறைக்கட்டளையை (6:108) பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்றுக் கொடுங்கள். நம் அருகிலுள்ள எட்டயபுரத்தின் சமஸ்தானத்தில் அவைப் புலவராய் வீற்றிருந்தவர் உமறுப் புலவர். நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய அப்பெருமகனாரை ஆதரித்த அரசவை இந்து அரசவை. அவர் தம் மார்க்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களும் தம் மதத்தைத் திணிக்கவில்லை. இந்தக் கரிசல் மண்ணின் மரபு அது.

யா அல்லாஹ்! எங்களை நீதியின் சாட்சிகளாக ஆக்குவாயாக! ஆட்சியாளர்களின் உள்ளங்களில் நடுநிலையை நிலைபெறச் செய்வாயாக! எங்கள் பள்ளிவாசல்களை உன் திருப்பெயருக்கு மட்டுமே உரியனவாகக் காப்பாயாக! எங்கள் ஊரில் வாழும் அனைவர் நிலத்திலும் பருவமழையைப் பொழியச் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.