கற்பிட்டி தந்த காசிச்செட்டி

புத்தளக் கரையிலிருந்து வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலப்பரப்பிலே அமைந்தது கற்பிட்டி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இடையே ஒல்லாந்தர் கட்டிய கோட்டை. இவ்வூரிலே 1807ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆந் திகதி பிறந்தவர் சைமன் காசிச்செட்டி.

பதினேழு வயதிலே புத்தளம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் அமர்ந்த அவர், பின்னர் மணியகாரராக உயர்ந்தார். உத்தியோகத்தின் நடுவே, இலங்கையின் ஊர்களையும் மக்களையும் பற்றிய செய்திகளை அகரவரிசையில் தொகுத்து, 1834இல் ஆங்கிலத்திலே ‘சிலோன் கசற்றியர்’ என வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழே. 1838இல் சட்டநிரூபண சபையிலே தமிழரின் பிரதிநிதியாக நியமனம் பெற்றார்.

பத்திரிகைத்துறையில் அவர் கால்வைத்தது 1841இல். ‘உதயாதித்தன்’ என்னும் தமிழ் மாத சஞ்சிகையை அவர் தொடங்கிய அதே ஆண்டில், யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷனரிமாரின் ‘உதயதாரகை’யும் தோன்றியது. தாரகை நெடுங்காலம் ஒளிவிட, ஆதித்தனோ விரைவிலே மறைந்தான்! மிஷனரிமாருக்குச் சொந்த அச்சுக்கூடம் இருந்தது. அவர்தம் பாடசாலைகளிற் பயின்ற வாசகரும் இருந்தனர். தனியொருவர் முயற்சிக்கு அத்தகைய பக்கபலம் ஏது?

1845இல் சபையை விட்டு அரசாங்க சேவையிற் புகுந்து, சிலாபத்திலே நீதிபதியாகவும் கடமையாற்றினார். ஆயினும் எழுதுகோலை அவர் கீழே வைத்தாரல்லர். 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறிய ‘தமிழ் புளூராக்’ அவரது தலைசிறந்த நூலெனலாம். கிரேக்க நாட்டுப் புளூராக் பெருமக்களின் வாழ்க்கையை எழுதியதுபோல, இவர் தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூற்றுவரின் வரலாற்றைத் திரட்டினார். புலவரின் ஊரும் காலமும் செவிவழிச் செய்தியிலும் தனிப்பாடலிலும் சிதறிக் கிடந்த காலம் அது. தென்னாட்டுப் புலவரோடு ஈழத்துப் புலவரையும் ஒரே வரிசையில் வைத்தமை குறிப்பிடத்தக்கது. வள்ளுவரும் ஔவையும் உடன்பிறந்தார் என்பது போன்ற கட்டுக்கதைகளும் அதில் உண்டு. அவற்றை வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் கேட்டதை எழுதிவைக்க ஒருவர் முன்வந்ததாலன்றோ, பின்வந்தோர் ஆராயவும் மறுக்கவும் இடமுண்டாயிற்று! தமிழிலே அவர் நடத்திய சஞ்சிகை நிலைக்காமற் போக, தமிழ்ப் புலவரைப் பற்றி ஆங்கிலத்திலே எழுதிய நூல் நிலைத்தது விந்தையே.

1860ஆம் ஆண்டு அவர் காலமானார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் தமிழிலே ‘பாவலர் சரித்திர தீபகம்’ இயற்றியபோது, காசிச்செட்டியின் நூல் அவருக்கு வழிகாட்டியாய் அமைந்தது. 1946இல் கொழும்பிலே, தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புக்களுடன் ‘தமிழ் புளூராக்’ இரண்டாம் பதிப்புக் கண்டது.