சிறையில் நோய், மருந்து நீதிமன்றத்தில்

(அட்டனில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் சிறைச்சாலையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். 2020ஆம் ஆண்டில் கொரோனா வந்தபோது, லயக் காம்பிராவில் குடும்பத்தோடு நெருங்கிக் கிடந்த நமக்கு "விலகியிருங்கள்" என்று உபதேசித்தார்கள். விலகுவதற்கு இடம் எங்கே என்பதை உபதேசித்தவர்கள் சொல்லவில்லை. அதே உபதேசம் சிறைக்குள்ளும் ஒலித்தது. ஆகவே இப்பொருள் நமக்கு அந்நியமானதன்று.

அவ்வாண்டில் இலங்கைச் சிறைகளில் இடவசதியைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் மிகப் பலர் விளக்கமறியற் கைதிகள். எந்த நீதிமன்றமும் அவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்கவில்லை. மார்ச் மாதத்தில் உறவினர் வருகை தடுக்கப்பட்டது. 21ஆம் நாள் அனுராதபுரச் சிறையில் கொந்தளிப்பு; துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். பின்னர் சில ஆயிரம் பேர் பிணையில் விடப்பட்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெறுமையான இடம் விரைவில் மீண்டும் நிரம்பிற்று.

நவம்பர் 29இல் மஹர! கைதிகள் கேட்டதென்ன? எங்களைப் பரிசோதியுங்கள், நோயுற்றோரைப் பிரித்து வையுங்கள், பிணையை விரைவுபடுத்துங்கள் என்றார்கள். பதினொருவர் பிணமாயினர், நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். கைதிகளே மாத்திரை வெறியில் ஒருவரையொருவர் கொன்றனர் என்று அதிகாரத்தில் இருந்தோர் கதை சொன்னார்கள். நிபுணர்கள் உடல்களை ஆராய்ந்தபோதோ, துப்பாக்கிக் குண்டின் காயங்கள் வேறு கதை சொல்லின.

சிறைச்சுவர் நோயைத் தடுக்குமென்று எண்ணுவோர்க்கு லண்டன் மாநகரின் கதையொன்று உண்டு. 1750இல் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகளோடு சிறைக் காய்ச்சலும் வந்தது. நீதிபதிகளும் நகரத் தலைவரும் மடிந்தார்கள். கெட்ட வாடையே காரணமென்று நம்பிய அக்காலத்தார் மணமலர்க் கொத்தை நாசியருகே பிடித்துக்கொண்டனர். பேன் பரப்பும் நோய்க்கு மலர் என்ன செய்யும்?

உண்மை மருந்து கூட்டத்தைக் குறைப்பதே. இந்திய உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23இல், யாரை வெளியே விடலாமென்று ஆராயக் குழு அமைக்குமாறு மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. நமது 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டமும் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்றே கூறுகிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளை ஒருவன் பிடிபட்டால் நடப்பதென்ன? சரீரப் பிணைக்கு ஆள் வேண்டும்; அந்த ஆளுக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்று வேண்டும்; அதற்கும் நீதிமன்றத்துக்கும் அலைய ஒரு நாட்சம்பளம் போகும். வழக்கு முடிந்து அபராதம் விதித்தாலோ, கட்ட வழியற்றவன் மீண்டும் உள்ளே! வசதியுள்ளவன் மாலையில் வீடு திரும்புகிறான். ஆதலால் கொள்ளைநோய்க் காலத்தில் சிறையில் மிஞ்சுகிறவன் கொடியவன் அல்லன், பிணையற்றவன்.

அடுத்த தொற்று வந்த பிறகு மனு எழுதிப் பயனில்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மறியலில் இருக்கும் தம்மவரின் பெயர், வழக்கு இலக்கம், அடுத்த தவணை ஆகியவற்றை இம்மாதமே குறித்துத் தரட்டும். பிணை நிற்க இருவரைத் தெரிந்து வைக்கட்டும். மன்றில் வாதாடுவதற்கு நாங்கள் இருக்கிறோம்.