தேய்மானத்தை முதலில் தீருங்கள், இறுக்கத்தைப் பிறகு வாங்குங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனைக் காரின் சஸ்பென்ஷனைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நம் கீழ்த்தளத்தில் எட்டு வயது, பத்து வயது கார்கள் நிறைய நிற்கின்றன. என் கார் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அதை நான் இன்னும் ஓட்டுவதைப் பார்த்துப் பலர் லிஃப்டில் கேட்கும் கேள்வி இதுதான்: “சார், வண்டி முன்ன மாதிரி இல்ல. வளைவுல சாயுது, எண்பதுக்கு மேல மிதக்குது. சஸ்பென்ஷனை டைட் பண்ணணும்னா எவ்வளவு ஆகும்?”

எவ்வளவு ஆகும் என்பதற்கு முன்னால், எதற்கு ஆகும் என்று பார்த்துவிடுவோம்.

வணிகவியல் படித்தவர்களுக்குத் ‘தேய்மானம்’ என்ற சொல் நன்றாகத் தெரியும். ஆண்டுதோறும் சொத்தின் மதிப்பில் கழிப்போம். காரின் அடியில் நடப்பதும் அதே தேய்மானம்தான். புதிதாக வாங்கியபோது பிடிப்பாக ஓடிய கார் இன்று தளர்ந்து ஓடுகிறது என்றால், கம்பெனி செய்த ஸ்பிரிங் போதாது என்று அர்த்தமில்லை. ஏதோ ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே இறுக்கமான பாகம் போடுவது, பழைய பாக்கியைத் தீர்க்காமல் புதுக் கடன் வாங்குவது போல. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் விவரம்.

எது என்ன வேலை செய்கிறது?

ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. பள்ளத்தின் அதிர்ச்சியை முதலில் வாங்குவதும் அதுதான். அமுங்கிய ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியாகத் தள்ளப்படுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. இரும்புப் பாகங்கள் இணையும் இடங்களில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கிறது. அந்தக் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைப்பது லிங்க் ராட்.

நம் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் வடிவமைப்பு. 1950இல் பிரிட்டனில் வெளிவந்த ஃபோர்டு கான்சல் காரில் இருந்தது. இதில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். அந்தத் தூண்தான் சக்கரத்தை நேராகப் பிடித்தும் வைத்திருக்கிறது. அதனால் அதன் உச்சியில் இருக்கும் ரப்பர் மவுண்ட் தேய்ந்தாலே ஸ்டியரிங்கில் தெரியும்.

இது சொகுசு விஷயம் மட்டுமல்ல. சக்கரம் தரையில் அழுந்தியிருந்தால்தான் பிரேக் பிடிக்கும். ஷாக் அப்சார்பர் போன காரில் டயர் துள்ளுகிறது. டயர் தரையை விட்ட நொடியில் ஏபிஎஸ்ஸும் ஒன்றும் செய்ய முடியாது. மழை நாளில் நெடுஞ்சாலையில் நம் பிள்ளைகள் ஓட்டும்போது முன்னால் போகும் லாரி சட்டென்று நின்றால், அந்தச் சில அடிகள்தான் வித்தியாசம்.

இனி செலவுக்கு வருகிறேன். ரூபாயை இலக்கக் கணக்கில் பிரித்துச் சொல்கிறேன். காருக்குக் கார் விலை மாறும், வரிசை மாறாது.

செலவே இல்லாதது

முதலில் காற்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் குறைந்த ஆட்களுக்கு ஒரு அளவும், முழு பாரத்துக்கு ஒரு அளவும் போட்டிருப்பார்கள். ஐந்து பேர் பெட்டிகளோடு ஊருக்குப் போகும்போது முழு பார அளவை வையுங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் வளைவில் மடங்கும். கார் மிதக்கிறது என்ற புகார்களில் சில இங்கேயே தீர்ந்துவிடும். இறுக்கம் வேண்டும் என்று அளவுக்கு மேல் அடிக்காதீர்கள். டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், கார் துள்ளும்.

அடுத்தது டிக்கி. இரண்டு தண்ணீர் கேன், பழைய பேட்டரி, கோயிலுக்குக் கொடுக்க எடுத்து வைத்த பாத்திரம் என்று ஐம்பது கிலோவைச் சுமந்துகொண்டே சுற்றுகிறோம். மேலே கேரியர் இருந்தால் அதில் ஏற்றும் எடை வளைவில் இன்னும் அதிகமாகச் சாய்க்கும். இறக்கி வையுங்கள்.

மூன்றாவது, காது. நம் கீழ்த்தளச் சாய்வுப் பாதையில் ஜன்னலைத் திறந்துவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாக இறங்குங்கள். அதன் அடியில் உள்ள வேகத்தடையில் ‘லொடக்’ என்று கேட்டால் லிங்க் ராடோ, புஷ்ஷோ, ஸ்ட்ரட் மவுண்டோ தேய்ந்திருக்கலாம். பிறகு காரின் ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகியுங்கள். ஆடவில்லை என்பதற்காக நன்றாக இருக்கிறது என்றும் முடிவு செய்ய வேண்டாம். அதன் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மூன்று இலக்கச் செலவு

ஒரு மெக்கானிக்கிடம் காரைத் தூக்கிச் சோதிக்க மட்டும் சொல்லுங்கள். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து, ஒன்பது மணி, மூன்று மணி இடங்களில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் டை ராட் பக்கம் சந்தேகம். பன்னிரண்டு, ஆறு மணி இடங்களில் ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

லிங்க் ராடும் ஸ்டெபிலைசர் புஷ்களும் விலை குறைந்தவை. இவை தேய்ந்தால் சாய்வைத் தடுக்கும் கம்பி இருந்தும் அதன் வேலை உடனே தொடங்காது. புதிது போட்டதும் வளைவில் வித்தியாசம் தெரியும்.

வீல் அலைன்மெண்டும் பேலன்ஸிங்கும் இந்தக் கணக்கில்தான் வரும். ஆனால் அலைன்மெண்ட் கடைசி வேலை. பாகங்களில் ஆட்டம் இருக்கும்போது கோணத்தைச் சரிசெய்தால் அது நிற்காது. பாகம் மாற்றிய பிறகு மறுபடியும் செய்ய வேண்டும், பணம் இரண்டு தடவை.

நான்கு இலக்கச் செலவு

லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர், ஸ்ட்ரட் மவுண்ட் எல்லாம் இங்கே வருகின்றன. நான்கு விதிகளை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒன்று, ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்றுங்கள். இடது புதிது, வலது பழையது என்றால் கார் இரு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

இரண்டு, ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை மூன்றையும் பாருங்கள். கழற்றும் கூலி ஒன்றுதான்.

மூன்று, புஷ் இருக்கும் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கும்போது காரின் எடை சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். அவசரக் கடைகளில் விட்டுப்போவது இதுதான்.

நான்கு, கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

என் காருக்கு ஒரு கடையில் நான்கு பக்கமும் முழு செட் மாற்ற வேண்டும் என்று ஐந்து இலக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள். வேறொரு மெக்கானிக் தூக்கிப் பார்த்து, முன்பக்க லிங்க் ராட் இரண்டும் ஒரு லோயர் ஆர்ம் புஷ்ஷும் போயிருப்பதைக் கையால் ஆட்டியே காட்டினார். அதை மாற்றி அலைன்மெண்ட் செய்ததும் கார் நேராகப் போனது. பின்பக்க ஷாக் அப்சார்பரில் கசிவு தெரிந்த பிறகுதான் அந்த ஜோடியை மாற்றினேன்.

ஐந்து இலக்கச் செலவு

டயர். ரப்பருக்கும் வயது உண்டு. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. பள்ளங்களுக்கு நடுவே உள்ள தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டர் உயரம். அந்த மட்டத்துக்குத் தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷனில் பணம் போடுவது வீண்.

இறுக்கமாக வேண்டும் என்பவர்களுக்கு இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. உங்கள் காரின் உயர்ந்த மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த டயர் அளவைப் பாருங்கள். ஸ்விஃப்டில் 165/80 ஆர்14 அளவும் வந்தது, 185/65 ஆர்15 அளவும் வந்தது. கணக்குப் போட்டால் முதலாவதின் மொத்த விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர், இரண்டாவது சுமார் 622. ஆனால் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டரிலிருந்து 120ஆகக் குறைகிறது, டயர் அகலமும் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய மாறாமலே ஸ்டியரிங் பதில் கூர்மையாகும். பள்ளத்தின் குத்தும் கொஞ்சம் கூடத் தெரியும், அதுதான் அதன் விலை. டயர் தேய்ந்து எப்படியும் மாற்றும் சமயத்தில் செய்தால் கூடுதல் செலவு பெரும்பாலும் ரிம்முக்குத்தான்.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால், கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பர். அழுத்தத்தில் இருப்பதால் எண்ணெய் நுரைப்பது குறையும், நெடுந்தூரத்திலும் பிடிப்பு தளராது. ஸ்பிரிங்கை மாற்றும் எண்ணம் அதற்கும் பிறகுதான்.

செய்யக் கூடாதவை

ஸ்பிரிங்கை வெட்டுவது. சுற்று குறைந்தால் விறைப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் அசைய இடம் குறைந்து ஒவ்வொரு பள்ளத்திலும் முட்டும். சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் கூடும்.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர். விலை குறைவு, கார் உயர்ந்தது போலவும் இருக்கும். ஆனால் அது ஒரு சுற்றைக் கட்டிப்போட்டு மற்ற சுற்றுகளின் மேல் பாரத்தை ஏற்றுகிறது. தேய்ந்த ஷாக் அப்சார்பருக்கு அது மருந்தே இல்லை. சொல்லப்போனால் விறைப்பான ஸ்பிரிங்கை அடக்க இன்னும் வலுவான ஷாக் அப்சார்பர் வேண்டும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரத்திலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. தேய்ந்ததற்குப் பதிலாக அதே வகைப் பாகம் போடுவது பராமரிப்பு. அதைத் தாண்டி எது செய்தாலும் முன்கூட்டியே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழிக்குக் கவுண்டரில் மதிப்பில்லை.

கடைசியாக இரண்டு கோரிக்கைகள். காரில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், இடதா வலதா, தொகை ஆகிய ஐந்து பத்திகள் போதும். அடுத்த முறை யாராவது ‘செட்டே மாத்தணும்’ என்றால் அந்த நோட்டைக் காட்டலாம்.

இன்னொன்று சங்கத்துக்கு. அளவுமானியோடு கூடிய காற்று நிரப்பும் சிறு இயந்திரம் ஒன்றை வாங்கிக் காவலர் அறையில் வைத்தால், எல்லோரும் குளிர்ந்த டயரிலேயே காற்றுப் பார்க்கலாம். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஒருவரை அழைத்து, விரும்புகிறவர்களின் கார்களை ஜாக்கில் தூக்கிச் சோதிக்க ஏற்பாடு செய்யலாம். பங்கிட்டால் தலைக்குச் சிறு தொகைதான். பட்டியல் போடும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன், பெயர் கொடுங்கள்.